மாடி வேலை எடுப்பவர்களே, கீழ் சீலிங்கைப் படம் எடுக்காமல் உளி வைக்காதீர்கள்

மொட்டை மாடியில் வாட்டர் புரூஃபிங், கூலிங் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரிகளுக்கும் சின்ன கான்ட்ராக்டர்களுக்கும் இந்தப் பதிவு. எனக்கு வர வேண்டிய 67,500 ரூபாயில் 25,000தான் கைக்கு வந்தது. வேலையில் குறை இருந்து பிடித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நாங்கள் போவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்த பழுதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீடு தாம்பரம் பக்கம். பழைய கட்டடம், 900 சதுர அடி மாடி. தட்டோடு பெயர்ந்து, அதன் கீழே சுருக்கி என்கிற செங்கல்தூள்-சுண்ணாம்புக் கலவை பொடிந்து கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விரிசல்களை வெட்டி அடைத்து, கெமிக்கல் கோட் அடித்து, வாட்டம் பார்த்து வெள்ளை டைல்ஸ் பதிக்க வேண்டும். மொத்தம் 1,35,000 ரூபாய். பாதி அட்வான்ஸ், பாதி முடிந்த பிறகு. கீழே இருக்கும் பெட்ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உள்ள எல்லாம் நல்லா இருக்கு தம்பி, ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கோம். நீங்க மேல மட்டும் பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

2023 செப்டம்பரில் வேலை முடிந்தது. "ஒரு மழை பாத்துட்டுத் தரேன்" என்று பேலன்ஸை நிறுத்தினார். நம் தொழிலில் அது வழக்கம்தான், சரி என்றேன். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. ஊரில் தண்ணீர் வடிந்ததும் போன். "உங்க ஆளுங்க மெஷின் வச்சு இடிச்சதுல சீலிங்கே விழுந்துடுச்சு. ஓட்டுக்கு அடியில கெமிக்கலே அடிக்கலைன்னும் சொல்றாங்க. நீங்கதான் எனக்குப் பணம் தரணும்."

போய்ப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டை ஒரு பக்கம் கழற்றியிருந்தார்கள். தளத்தின் அடியில் பூச்சு விழுந்து கம்பி தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் சுற்றிலும் ஈரமே இல்லை. கம்பியின் மேல் ரெட் ஆக்சைடு பெயின்ட். பக்கத்திலேயே கையகலத்துக்கு வேறு நிறத்தில் சிமென்ட் ஒட்டு. கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். பெயின்ட் அடித்த கம்பி என்றால், யாரோ ஏற்கெனவே ரிப்பேர் பார்த்து, மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருக்கிறார்கள். நான் போனை எடுத்ததும் "போட்டோல்லாம் வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். அடுத்த முறை போனபோது அந்த இடம் பளிச்சென்று பூசப்பட்டிருந்தது.

கெமிக்கல் விஷயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. காரணம் படங்கள். பிரைமர் அடித்தது, முதல் கோட், அதன் மேல் மெஷ் விரித்தது, இரண்டாவது கோட், காலி பக்கெட்டில் தெரியும் பேட்ச் நம்பர், எல்லாமே தேதியோடு போனில் இருந்தன. மழைத் தண்ணீர்க் குழாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்த்த அன்று, அவரே கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கிற படமும் இருந்தது. அன்றைக்கே அதை அனுப்பியிருந்தேன். "நல்லது தம்பி" என்று பதிலும் போட்டிருந்தார். அதைக் காட்டியதும் கெமிக்கல் பேச்சை விட்டுவிட்டார். சீலிங்குக்கு என்னிடம் எதுவும் இல்லை. வக்கீலிடம் போனேன். செய்த வேலைக்குக் கூலி கேட்டு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், ஆனால் பழுது முன்பே இருந்தது என்பதற்கு என்ன காட்டுவீர்கள் என்று கேட்டார். கடைசியில் 25,000 வாங்கிக்கொண்டு, இனிப் பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு ஆட்களுக்குக் கொடுத்த கூலி என் கையிலிருந்து போனது. இன்னும் வயிறு எரிகிறது.

அதனால் சொல்கிறேன். மாடிக்கு ஏறும் முன் கீழே உள்ள ஒவ்வொரு அறையின் சீலிங்கையும் படம் எடுங்கள், பாத்ரூமும் பரணும் உட்பட. முதலில் எந்த அறை என்று தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, அப்புறம் கறை, விரிசல் பக்கத்தில் ஒன்று. வீட்டுக்காரர் கூடவே இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு லைட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஓட்டை வழியாக டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்துவிடலாம். மாடியில் சோலார் ஹீட்டர் பைப், ஏசி அவுட்டோர், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றையும் விடாதீர்கள். உடைந்த பிறகுதான் "இது நல்லா இருந்துச்சே" என்பார்கள். அப்புறம், ஓடு பதித்தால் கண்ணுக்கு மறைகிற எதையும் மறைவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். கிராமத்தில் பிரதமர் வீடு திட்டத்தில் கட்டத்துக்குக் கட்டம் இடக்குறிப்போடு படம் ஏற்றிய பிறகுதானே தவணை விடுகிறார்கள்? தனியார் வேலைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், அதற்குள் இருக்கும் தேதி, இட விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அனுப்பிவிட்டுப் போனில் உள்ள அசலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். அசல் கையில் இருந்தால்தான் அந்த வேலை சுலபம். இதெல்லாம் நேர்மையான வீட்டுக்காரருக்கும் பாதுகாப்புதான். கெமிக்கல் கோட் அடிக்காமல் ஏமாற்றி, மேலே டைல்ஸை ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்போது என் கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கீழ்த்தளச் சீலிங் பார்க்க அனுமதிக்கப்படவில்லை எனில், அதில் தெரியவரும் பழுதுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல." போன மாதம் குரோம்பேட்டையில் ஒருவர் அறையையும் காட்டவில்லை, இந்த வரிக்குக் கையெழுத்தும் போடவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.