கடலோரக் காட்டேஜ் எடுப்பவர்களே, டெபாசிட்டில் கவனம்

இங்கிலாந்துக் கடலோரத்தில் நண்பர்களோடு வார இறுதிக்கு வீடு எடுக்கிற யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களை வாடகையில் ஏமாற்றவில்லை. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய டெபாசிட்டில்தான் கை வைத்தார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் வீட்டின் பெயரும் ஏஜென்சியின் பெயரும் இங்கே வராது. கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஒரு காலத்தில் ஒரே வார்டில் வேலை பார்த்த நர்ஸுகள் நாங்கள், ஐந்து பேர். இப்போது ஆளுக்கொரு ஊர். ஐந்து பேருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகஸ்ட் கடைசித் திங்கள் பேங்க் ஹாலிடேவுக்கு அது எப்படியோ அமைந்தது. டோர்செட்டில் வேமத் பக்கம் ஒரு காட்டேஜ் பிடித்தோம். புக்கிங் தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் 'கிளீனிங் ஃபீ' என்று 95 பவுண்டு கூடுதல். கட்டாயக் கட்டணம் எதுவானாலும் ஆரம்பத்தில் காட்டும் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 6 முதல் சட்டமே வந்துவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கிளம்பும் வாரத்தில் ஒரு மெயில் வந்தது. சேதத்துக்கான டெபாசிட் 400 பவுண்டை 48 மணி நேரத்துக்குள் பேங்க் ட்ரான்ஸ்ஃபர் செய்யவேண்டும், இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் சாவிப் பெட்டியைத் திறக்கும் நம்பர் வராது என்று. கிரெடிட் கார்டில் கட்டுகிறோம் என்று கேட்டோம், வசதி இல்லை என்றார்கள். வாடகை மொத்தமும் ஏற்கெனவே போயிருந்தது. இந்த நிலையில் யார்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை இரவு மழையில் போய் நின்றால் நம்பர் வரவில்லை. ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டியின் மூடிமேல் 'பராமரிப்பில் உள்ளது' என்று லேமினேட் செய்த அட்டை. லேமினேட் செய்து வைக்கிற அளவுக்கு நாள்பட்ட பராமரிப்பு!

ஊரைக் குறை சொல்ல மனசு வராது. டர்டில் டோர் சுண்ணாம்புக்கல் வளைவுக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் மூச்சு வாங்கும். செசில் கடற்கரையில் மேற்கே பட்டாணி அளவில் இருக்கும் கூழாங்கல் போர்ட்லண்ட் பக்கம் வர வர உருளைக்கிழங்கு அளவாகிவிடுகிறது. இருட்டில் கரையேறிய கடத்தல்காரர்கள் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று கண்டுபிடிப்பார்களாம். அங்கே கல் எடுக்கக் கூடாது, பையில் போட்டதை எங்களில் மூத்தவரான அக்கா திரும்பக் கொட்ட வேண்டியதாயிற்று.

திங்கள் காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். 95 பவுண்டு வாங்கிக்கொண்ட பிறகும் படுக்கை விரிப்பை உருவி வை, பாத்திரம் கழுவு, குப்பையை வெளியே வை என்று சுவரில் ஒரு பட்டியல். எல்லாம் செய்துவிட்டுத்தான் வந்தோம்.

செப்டம்பரில் கணக்கு வந்தது. கார்பெட்டில் மஞ்சள் கறை, சுத்தம் செய்ய 180. சமையல் வாசனை நீக்க 140. காணாமல் போன துண்டு இரண்டு, 40. நிர்வாகச் செலவு 40. கூட்டிப் பாருங்கள், சரியாக 400. ஒரு பென்னி மிச்சமில்லை.

அந்த வாசனைக் கட்டணம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாங்கள் அங்கே சமைக்கவே இல்லை. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம், மற்ற வேளைக்கெல்லாம் துறைமுகத்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ். அடுப்பில் வைத்தது டீக்குப் பால் மட்டும். புக்கிங்கில் இருந்த எங்கள் பெயர்களைப் பார்த்தே வாசனை வந்திருக்கிறது.

கறைக்கு ஆதாரம் என்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். சோபா கால் ஓரமாக, நீள்வட்டத்தில், ஒரு பக்கம் வால் போல இழுத்த கறை. எங்களில் இளையவள் அதைப் பார்த்ததும் கத்திவிட்டாள். போய் இறங்கிய இரவே அவள் வீட்டைச் சுற்றிப் பிள்ளைகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் தோட்டுத் திருகு கழன்று சோபா பக்கம் உருண்டது. தேடுவதற்காக அங்கே கிடந்த சின்ன விரிப்பைத் தூக்கினோம். வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அக்கா, இங்க பாருங்க, கார்பெட்ல ஏதோ கொட்டியிருக்கு" என்று அவள் சொல்வதும் கேட்கிறது. அதே சோபா கால், அதே வால். வெள்ளி இரவு 9.52.

வீடியோவை அனுப்பினோம். கார்பெட் பற்றிப் பேச்சே நின்றுபோனது, மன்னிப்பும் இல்லை. வாசனை நீக்கியதற்கு பில் கேட்டோம், வரவில்லை. இணையத்தில் அந்த வீட்டுக்கான பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் காலி செய்த அதே திங்கள் மாலை வந்த குடும்பம் ஐந்து நட்சத்திரம் போட்டு, உள்ளே நுழைந்ததுமே வீடு புத்தம் புதிதாக மணந்தது என்று எழுதியிருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

பேங்கில் கேட்டால், இது மோசடி இல்லை, உங்களுக்குள் தகராறு என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஏமாந்து ட்ரான்ஸ்ஃபர் செய்த பணத்தை 85,000 பவுண்டு வரை பேங்க் திருப்பித் தரவேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி இருக்கிறது. இல்லாத காட்டேஜைக் காட்டிப் பணம் பறித்தால் அது பொருந்தும். இருக்கிற வீட்டில் தங்கவைத்துவிட்டு டெபாசிட்டைத் தராவிட்டால் பொருந்தாது. இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடக்கிறது.

நம்மில் பலரும் குழம்புகிற இடம் இன்னொன்று. குடியிருக்கும் வாடகை வீட்டுக்குக் கட்டும் டெபாசிட்டை உரிமையாளர் 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். 2007 முதல் இங்கே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. விடுமுறை வீட்டுக்கு அது கிடையாது. பணம் நேராக அவர்கள் கணக்கில் போய் உட்காரும், நடுவே கேட்க ஆளில்லை. அதனால் புக் செய்யும் முன்பே டெபாசிட் உண்டா, எவ்வளவு, எப்படிக் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். கார்டில் தொகையை எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைக்கிற இடங்கள் இருக்கின்றன, அவை மேல். வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால், விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருக்கும் பட்சத்தில், கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு துணைக்கு வரலாம். நடுவில் ஏஜென்சி இருந்தால் அது சிக்கலாகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போனதும், உங்கள் துணிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீடியோ எடுங்கள். விரிப்பைத் தூக்கி, மெத்தையைப் புரட்டி, அடுப்பைத் துடைத்துக் காட்டி, துண்டு எத்தனை என்று வாய்விட்டு எண்ணி எடுங்கள். கிளம்பும்போது மறுபடி ஒன்று.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை கார் பார்க்கிங் மெஷின்களில் போலி கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிக் கார்டு விவரம் திருடுவது இங்கே பல ஊர்களில் நடக்கிறது. ஓரம் பிரிந்த ஸ்டிக்கரைக் கண்டால் ஸ்கேன் செய்யாதீர்கள், காசு போடுங்கள்.

கடைசியில், 14 நாளுக்குள் பணம் வராவிட்டால் சிறு தொகைக்கான வழக்கு தொடுப்போம் என்று முறைப்படி ஒரு கடிதம் போட்டோம். கெடு முடியும் தறுவாயில் 360 பவுண்டு வந்து விழுந்தது. துண்டுகளும் கிடைத்துவிட்டன போலும். 'நிர்வாகச் செலவு' 40 மட்டும் அவர்களிடமே இருக்கிறது. 300 பவுண்டு வரையிலான வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 35 பவுண்டு. நாற்பதுக்காக முப்பத்தைந்து கட்டி யார் வரப்போகிறார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜெயித்தால் அந்தக் கட்டணத்தையும் அவர்கள்தான் தரவேண்டும் என்று அக்கா விசாரித்து வைத்திருக்கிறார். ஆன்லைன் படிவத்தில் பாதி நிரப்பியாகிவிட்டது, மீதியை அக்காவின் நைட் ஷிஃப்ட் முடிந்ததும் அனுப்புகிறோம்.