நடன வகுப்புக்குக் காசு கட்ட முன் பிள்ளையின் முழங்காலைப் பாருங்கள்: திருகோணமலைப் பெற்றோருக்கு

விஜயதசமி நெருங்க நெருங்கத் திருகோணமலையில் நடன வகுப்பு விளம்பரங்கள் முகநூலில் வரிசைகட்டும். பிள்ளையைப் பரதநாட்டியத்துக்குச் சேர்க்க நினைப்பவர்கள் காசு கட்ட முன் இதை ஒருதரம் வாசியுங்கள். நகரத்தில் ஒரே வகுப்பில் பழுதாகிப்போன பிள்ளைகள் அடுத்தடுத்து, நடனம் படிப்பிக்கும் எங்களிடம் வந்து சேருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம். பெயர் போடவில்லை. நடந்த விதம் தெரிந்தால் எந்த வகுப்பிலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதமே பிள்ளைகளுக்கு ஒரு பக்திப் பாட்டுக்கு ஆட்டம் பழக்கிவிட்டார்கள். நவராத்திரிக்கு ஒரு மேடை, கோயில் திருவிழாவுக்கு ஒரு மேடை, ஆண்டு விழாவுக்கு இன்னொன்று. ஒவ்வொரு மேடைக்கும் உடுப்பு, நகை வாடகை, மேக்கப், வீடியோ என்று தனித்தனிக் காசு. உடுப்பும் அவர்கள் காட்டுகிற இடத்தில்தான் தைக்க வேண்டும். எதற்கும் பற்றுச்சீட்டு இல்லை. பிள்ளை மேடையில் நிற்கும் படம் போனில் இருப்பதால் பெற்றோருக்கும் கேட்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் பாட்டை நிறுத்திவிட்டு, தட்டுக்கழியால் கட்டையில் தட்டும் தாளத்துக்கு, முதன்முதலில் பழக்கும் காலடிப் பயிற்சியான தட்டடவைச் செய்யச் சொன்னால், ஆக மெதுவான முதலாம் காலத்திலேயே தடுமாறுகிறார்கள்.

காலும் கையும் சேர்ந்து செய்யும் பயிற்சி அசைவான அடவுதான் ஆட்டத்துக்கு அடிப்படை. சென்னைக் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் முறையில் தட்டடவு 8, நாட்டடவு 8. பாணிக்குப் பாணி எண்ணிக்கை மாறும். ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் செய்ய வேண்டும். கிழமைக்கு இரண்டு வகுப்பு வருகிற ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மட்டுமே ஒரு வருடத்துக்குக் கிட்டப் பிடிக்கும். அதன் பிறகுதான் முதல் உருப்படியான அலாரிப்பு. மூன்றே மாதத்தில் மேடை ஏற்றுகிறோம் என்று யாரும் சொன்னால் அடவை விழுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மேடை மோகத்தை விட எங்களுக்கு அதிகம் கவலை தருவது முழங்கால். முழங்காலை இரு பக்கமும் விரித்து மடித்துப் பாதி இருக்கும் அரைமண்டியில் கால் இடுப்பு மூட்டிலிருந்து வெளியே திரும்ப வேண்டும்; முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இடுப்பைத் திறக்கப் பழக்காமல் “நல்லா விரி, இன்னும் கீழே இரு” என்று அதட்டினால் பிள்ளை பாதத்தை மட்டும் திருப்பும், முழங்கால் உள்ளே விழும், முதுகு பின்னால் வளையும். அந்த நிலையில் நூறு தரம் தட்டினால் முறுக்கு முழுக்க முழங்கால் மூட்டுக்குப் போகிறது. கீழே மாபிள் ஒட்டிய கொங்கிரீட் என்றால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பும் குதிக்காலும் சேர்ந்து நோகும். பலகைத் தரை நம் ஊரில் எல்லாருக்கும் வாய்க்காதுதான். சீமெந்துத் தரையில் பழக்குகிறவர்கள் குதிப்பு அடவுகளைக் குறைத்து, தொடக்கத்தில் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வகுப்பு வைப்பவர்களிடம் தண்ணி குடிக்க இடைவேளை விடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் வரும்போதே களைத்துப்போய்த்தான் வருகிறார்கள்.

அந்த வகுப்பில் நடந்த அடுத்த அநியாயம் பரீட்சைக் காசு. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு என்று வாங்கினார்கள். சில பிள்ளைகளுக்கு விண்ணப்பமே போகவில்லை. கேட்டபோது “அடுத்த முறை பார்ப்போம்” என்றார்கள். அந்தப் பரீட்சைக்குச் செய்முறையும் உண்டு, அறிமுறையும் உண்டு. பிள்ளையிடம் அறிமுறைக் கொப்பி இல்லை, 28 ஒற்றைக்கை முத்திரைகளின் பெயரும் தெரியாது என்றால் பரீட்சைக்கு ஆயத்தமே நடக்கவில்லை. காசு கட்டினால் விண்ணப்பப் பிரதியை வாங்குங்கள். பிறகு சுட்டெண்ணைக் கேளுங்கள்.

சலங்கை பூசையும் அரங்கேற்றமும் பெரும் செலவு. அரங்கேற்றத்துக்குப் பாட்டு, மிருதங்கம், வயலின், தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் என்று அணிசெய் கலைஞர்கள் வர வேண்டும். மண்டபம், ஒலி, ஒளி, சாப்பாடு எல்லாம் சேரும். இவற்றை ஒரே தொகையாகச் சொல்லி முற்பணம் கேட்டால், யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரங்கேற்றத்தில் ஆக நீளமான, கடினமான உருப்படியான வர்ணம் பிள்ளைக்கு முழுதாக ஆட வராத நிலையில் திகதி குறிக்கிற ரீச்சருக்கு அவசரம் வேறு எதிலோ இருக்கிறது.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது மேடைப் படங்களைக் காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, வாசலில் இருந்து ஒரு முழு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர் என்றால் பின்வரிசையை யாரும் திருத்தப்போவதில்லை. ரீச்சர் கையில் தட்டுக்கழி இருக்கிறதா, “தையா தை” போன்ற சொற்கட்டை வாயால் சொல்கிறாரா, அல்லது ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போன் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கே படித்தார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்தா நிறுவகத்திலோ யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைப் பீடத்திலோ படித்தவர் சந்தோசமாகச் சொல்வார். பட்டம் இல்லாமல் ஒரு குருவிடம் வருடக்கணக்காகப் பழகி நன்றாகப் படிப்பிக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் குருவின் பெயரைச் சொல்வார்கள். இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது மட்டும் போதாது.

ஏற்கனவே அப்படியொரு வகுப்பில் பிள்ளை இருந்தால், படி ஏறி இறங்கும்போது முழங்கால் நோகுதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். நோகுது என்றால் அரைமண்டியை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். வேறு வகுப்புக்கு மாற்றும்போது பழைய ஐட்டங்களைத் தொடரச் சொல்லாமல், தட்டடவிலிருந்து திரும்பத் தொடங்கும்படி புது ரீச்சரிடம் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளிக்கும். சில மாதம் மேடை இருக்காது என்பதை முதலிலேயே அதற்கு விளங்கப்படுத்திவிடுங்கள்.