மூன்று வருடமாகப் பள்ளி மைதானத்தில்: எல்லாம் சரி, அந்தப் பூட்டைத் தவிர

“ஸ்கூல் கிரவுண்டில் வெளியாட்களையும் விடுகிறார்களாமே, நீதான் போகிறாயே, எப்படி இருக்கிறது?” என்று நண்பன் கேட்டான். போன வாரம் கேட்டிருந்தால் உடனே கிளம்பி வரச் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது நேற்று. நேற்று நான் பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பியவன்.

போர்டில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை என்று இருக்கிறது. பொய்யில்லை, சாவி வந்தால் ஐந்தரைதான். மைதானத்துப் பக்கக் கேட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று வாட்ச்மேனிடம், இன்னொன்று பி.டி. மாஸ்டரிடம். வாட்ச்மேன் லீவு போட்டால் வரும் மாற்று ஆளிடம் மெயின் கேட் சாவி மட்டும் இருக்கும். அந்த வழியாக நம்மை உள்ளே விட அவருக்கு அனுமதி கிடையாது. அவர் உள்ளே நின்று நம்மைப் பார்ப்பார், நாம் வெளியே நின்று அவரைப் பார்ப்போம். முன்பெல்லாம் சங்கிலியை இரண்டு சுற்றுதான் சுற்றுவார்கள். பையை முதலில் தள்ளிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துவிடலாம். இப்போது மூன்று சுற்று. பை மட்டும் போகிறது.

பள்ளிக்காரர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. உள்ளே ஒருவர் காலை உடைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். கழிப்பறையைத் திறக்கவில்லை என்று முதல் வருடம் நானும் சண்டை போட்டேன். பிறகுதான் பார்த்தேன், அது வகுப்பறை வராண்டாவின் கடைசியில் இருக்கிறது. அதைத் திறந்தால் கட்டடத்தையே திறந்த மாதிரி. கட்டும்போது மைதானத்தை ஒட்டி ஒரு கழிப்பறையும் ஒரு குழாயும் வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. தேர்வு மாதத்தில் மூடுவதும் நியாயம்தான். கோல் போஸ்ட் முன்னால் புல் சுத்தமாகப் போய்விட்டது. பகலில் பிள்ளைகள், காலையில் நாங்கள், அது எப்போதுதான் முளைக்கும்?

இனி மைதானம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் 200 மீட்டர் டிராக், சுண்ணாம்புக் கோடு போட்டது. பேஸ்கட்பால் வளையம் மட்டும் பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் சாய்ந்துவிட்டது. விதிப்படியான 3.05 மீட்டர் உயரம் என்பது இங்கே பின்பக்கத்துக்கு மட்டும். டிராக்கில் ஒரே தொல்லை, நாலு பேர் கைகோத்த மாதிரி முதல் லேனை அடைத்துக்கொண்டு நடப்பது. அவர்களிடம் ஒரு கணக்குச் சொல்லிப் பார்த்தேன். லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால் ஒரு லேன் வெளியே தள்ளி நடக்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர் கூடும், மைதானம் சிறியதோ பெரியதோ கூடுவது அவ்வளவுதான், நடக்கிறவர்களுக்கு லாபம்தானே என்றேன். “தம்பி கணக்கு வாத்தியாரா?” என்று கேட்டுவிட்டு முதல் லேனிலேயே போனார்கள்.

ஆனால் நான் இத்தனை நாள் விடாமல் போனது டிராக்குக்காக இல்லை. மூலையில் நீளம் தாண்டும் குழி ஒன்று இருக்கிறது, முன்னால் கால் ஊன்றித் தாண்டுவதற்கான பலகையோடு. விளையாட்டு விழா நெருங்கினால் மணலைக் கொத்திக் கிளறி விடுவார்கள், அவல் மாதிரி இளகிக் கிடக்கும். நாற்பத்தாறு வயதில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒருநாள் ஓடிப்போய்க் குதித்தேன். இரண்டரை மீட்டர் இருக்கும். மணல் சட்டைக் காலருக்குள் போனது. எழுந்து பார்த்தால் வாட்ச்மேன் நிற்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “பலகையை மிதிக்கலையே சார், இன்னொரு தடவை ஓடி வாங்க” என்றார். அப்புறம் அவரே மண்வாரியால் மணலைச் சமன்செய்து விட்டார். வாரத்துக்கு ஒருமுறையாவது குதிக்கிறேன். மூன்று மீட்டரை இன்னும் தாண்டவில்லை.

இப்படி ஒரு இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இருந்தும் நண்பனிடம் “வராதே” என்றுதான் சொன்னேன். நான் மட்டும் நாளைக்குப் போவேன். வாட்ச்மேன் லீவு முடிந்து வந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும்.