சிவந்த உடம்பா, கறுத்த உடம்பா?

கறுப்புச் சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளி. இப்படி ஒரு வண்ணத்துப்பூச்சி யாழ்ப்பாணத்து வளவொன்றில் இக்சோராப் பூவுக்கு வந்துவிட்டால் உடனே ‘சிலோன் ரோஸ்’ என்று பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஆசை விளங்குகிறது, அழிவின் விளிம்பில் நிற்கும் அரிய இனம் அல்லவா. ஆனால் அது சிங்கராஜா போன்ற தென்மேற்கு மழைக்காடுகளுக்கு உரியது. பனையும் பற்றைக்காடுமான வடக்கில் அதைத் தேடிப் பயனில்லை. சிறகைப் பார்க்க முன்னமே இடத்தை வைத்து அதைக் கழித்துவிடலாம்.

மிச்சம் மூன்று. கொமன் ரோஸுக்கு வெள்ளை பின்சிறகின் நடுவில் இருக்கும். கிரிம்சன் ரோஸுக்கு வெள்ளைப் பட்டைகள் முன்சிறகில். பின்சிறகில் இரத்தச் சிவப்புப் பொட்டுகள் மட்டும். இந்த இரண்டையும் பிரிப்பது ஒரு வேலையே இல்லை.

தலையிடி தருவது கொமன் மோர்மன் பெண்தான். இவற்றில் சில ஆணைப் போலவே இருக்கும், சில கொமன் ரோஸ் வேஷம் போடும், சில கிரிம்சன் ரோஸ் வேஷம். ரோஸ்களின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை இலையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை ருசி பார்த்த குருவி பிறகு கிட்டப் போகாது. அந்தப் பயத்தில்தான் நஞ்சில்லாத மோர்மன் குளிர்காய்கிறது. எந்த வேஷம் என்பதைத் தீர்மானிப்பது ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு என்று 2014இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்களுக்கு இந்த வேஷமே கிடையாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சிறகை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். ரோஸ் இரண்டுக்கும் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும். மோர்மனுக்கு உடம்பு கறுப்பு. சிறகில் இவ்வளவு கச்சிதமாகப் போட்ட வேஷம் உடம்புக்கு வரவில்லை. படம் எடுப்பவர்கள் பக்கவாட்டில் எடுங்கள். கொமன் ரோஸுக்கு முதுகுப்பக்கம் கறுப்பு என்பதால் மேலிருந்து எடுத்த படம் ஏமாற்றும்.

பறப்பை நான் அவ்வளவு நம்பமாட்டேன். ரோஸ் ஆறுதலாகப் பறக்கும். மோர்மனும் அப்படியே நடிக்கும், கலைத்தால்தான் விருட்டென்று ஓடும். அதைவிட முட்டையிடும் செடி நல்ல சாட்சி: தேசி மரத்தையோ கறிவேப்பிலையையோ சுற்றிச் சுற்றி வந்து முட்டையிட்டால் அது மோர்மன், ஆடுதீண்டாப்பாளைக் கொடியில் என்றால் ரோஸ்.