ஒளித்துக் கொண்டுபோகும் துப்பாக்கி: லிபரேட்டரா, கையுறையா, வெல்ராடா?

இரண்டாம் உலகப் போரில், எதிரியின் பிடியில் இருந்த ஊர்களுக்குள் வேலை செய்தவர்களை மனதில் வைத்தே சில துப்பாக்கிகள் பிறந்தன. எது எளிதாக மறையும் என்பதை மட்டும் வைத்து அவற்றை எடைபோடுவது சரியில்லை. சுட்டவர் அந்தத் தெருவைவிட்டு உயிரோடு போக முடியுமா என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் அமெரிக்காவின் லிபரேட்டர். 1942 கோடையில், ஜெனரல் மோட்டார்ஸின் கைட் லேம்ப் பிரிவு, வழக்கமாகக் கார் விளக்கு செய்யும் இடம், சில மாதங்களிலேயே சுமார் 10 லட்சம் துப்பாக்கிகளைச் செய்து தள்ளியது. ஒன்றின் அடக்கவிலை 2 டாலர் சொச்சம். .45 (அங்குலக் கணக்கில் விட்டம்) தோட்டா, ஒரு தடவைக்கு ஒன்றுதான். சுட்ட பிறகு வெற்றுக் கூட்டை ஒரு குச்சியால் குத்தித் தள்ளவேண்டும். எந்த மொழிக்காரருக்கும் புரியட்டும் என்று, எழுத்தே இல்லாத படத்தாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆயுதமே இல்லாத சாதாரண மனிதரை நினைத்துச் செய்த அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். காவலுக்கு நிற்கும் சிப்பாயைக் கிட்டத்தில் சுட்டு, அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது திட்டம். ஆனால் .45 வெடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்பும் வரிப்பள்ளம் குழலுக்குள் கிடையாது என்பதால் சில அடி தள்ளி நின்றாலே குறி தப்பும்.

அமெரிக்கக் கடற்படைக்காக வந்த செட்ஜ்லி கையுறைத் துப்பாக்கி இன்னும் குறுகிய வேலைக்கு. கையுறையின் மேல்புறம் ஒரு .38 குழல், முஷ்டியால் குத்தினால் முன்னால் நீட்டிய கம்பி எதிரியின் உடம்பில் பட்டு வெடிக்கும். முழுக்கைச் சட்டை அதை மறைக்கும். சரி, அந்த ஒரு குண்டுக்கு அப்புறம்? கனமான கையுறைதான் மிச்சம்.

என் ஓட்டு பிரிட்டனின் வெல்ராடுக்கு. லண்டனுக்கு வடக்கே வெல்வின் பக்கம், எதிரி நாட்டுக்குள் ரகசிய நாசவேலை செய்த பிரிட்டனின் எஸ்.ஓ.இ. அமைப்பின் ஒன்பதாம் நிலையத்தில் உருவானது. பெயரின் 'வெல்' அந்த ஊரிலிருந்து வந்ததுதான். ரப்பர் உறை போட்ட தோட்டா மேகசினே இதற்குக் கைப்பிடி. அதைக் கழற்றிவிட்டால் மீதி ஒரு மொட்டைக் குழாய். சைக்கிள் பம்பு என்று நினைத்துக் கடந்துபோகலாம். தயாரிப்பாளர் பெயரும் அதில் பொறிக்கவில்லை. குழலைச் சுற்றியே ஒலியடக்கி. ஒவ்வொரு முறையும் பின்பக்கக் குமிழைத் திருகி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றவேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் தானாக இயங்கும் பாகங்களின் சடசடப்பு இல்லை. ஒலியடக்கிக்குள் இருக்கும் ரப்பர் வில்லைகள் பத்துப் பதினைந்து குண்டுகளில் தேய்ந்து, சத்தம் கூடும்; இதன் பெரிய குறை அது. ஆனாலும் அந்த முதல் சில குண்டுகளின் அமைதி தப்பிக்க நேரம் தந்தது, மற்ற இரண்டாலும் அது முடியாது. சுவிட்சர்லாந்தில் கால்நடை மருத்துவர்களுக்கென்று பின்னாளில் வந்த வி.பி.9 துப்பாக்கி இதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது.