பிச்சிக்கொடி நட ஆடியா, ஐப்பசியா?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை நம்பி, மதுரைப் பக்கம் பலர் நர்சரியில் வாங்கிய பிச்சிக்கொடியையும் ஆடியிலேயே நட்டுவிடுகிறார்கள். பாகல், பீர்க்கு விதைக்கு அது சரி. அவை முளைக்கும் இடத்திலேயே வேர்விடும். பையில் வளர்ந்த கொடிக்கு ஆடி கடினமான மாதம். மேல்காற்று இலையை உலர்த்தும், தண்டை ஆட்டிப் புதுவேரை அறுக்கும். ஆடியில்தான் நடமுடியும் என்றால், குழியில் முதலில் குச்சியை ஊன்றிவிட்டுக் கொடியை வையுங்கள். பிறகு ஊன்றினால் வேர் குத்துப்படும். வாழைநாரால் தளர்வாகக் கட்டி, மேற்கே ஓலைத்தட்டி மறைப்பு வையுங்கள். தூரில் வைக்கோல் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

என் ஓட்டு ஐப்பசிக்கே. வடகிழக்குப் பருவமழையும் தணிந்த வெயிலும் வேர் பிடிக்க உதவும். கோடைக்குள் கொடி தேறிவிடும். ஒரே பயம், தேங்கும் தண்ணீர். மேலூர்ச் செம்மண்ணில் அது சீக்கிரம் வடியும். திருமங்கலம் கரிசலில் நிற்கும், வேர் அழுகும். கரிசல்காரர்கள் புரட்டாசிக் கடைசியிலேயே, மண்ணை மேடாக்கி நட்டுவிடுவது நல்லது. மழை ஓய்ந்த மார்கழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். பல கொடிகள் அப்போதுதான் வாடுகின்றன.