குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டை சர்ஜனா, ஆடியோலஜிஸ்ட்டா (காது கேட்கும் திறனைச் சோதித்துச் சரிசெய்பவர்)?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வு) முடித்த அண்ணன் மகள், "சித்தப்பா, ரெண்டுல எது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

முதலில் வருடக் கணக்கு. சர்ஜன் என்றால் மருத்துவப் படிப்பு 5 வருடம், ஹவுஸ்மன்ஷிப் (பட்டம் வாங்கியதும் ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சி) 2, அப்புறம் மெடிக்கல் ஆபீசராக ஓட்டம், காது மூக்கு தொண்டை மாஸ்டர்ஸ் 4, அதற்கு மேல் குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி. எல்லாம் முடியும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். ஆடியோலஜி யுகேஎம்மில் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) 4 வருடப் பட்டம், சீக்கிரம் சம்பளம்.

ஆனால் வேலையைப் பாருங்கள். இரண்டு வயசுப் பிள்ளை கச்சான் கடலையை மூச்சுக்குழாயில் இழுத்துக்கொண்டால் (பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும், அந்தக் குழாய் அகலம், நேராகவும் இறங்கும்), மயக்க மருத்துவரோடு அதே குறுகலான மூச்சுப் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டு, கம்பி போன்ற கருவியை விட்டு அதை நைசாக எடுக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. டான்சில் எடுப்பது, குரோமெட் (செவிப்பறையில் வைக்கும் குட்டிக் குழாய்) பொருத்துவது எல்லாம் அன்றாடம்.

காக்ளியர் இம்பிளாண்டில் (காது கேளாத பிள்ளைக்கு உள்காதில் பொருத்தும் மின்கருவி) இருவருமே உண்டு. சர்ஜன் சில மணி நேரத்தில் பொருத்திவிடுவார். சில வாரம் கழித்து அதை முடுக்கி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒலி அளவைச் சரிசெய்வது ஆடியோலஜிஸ்ட், அது வருடக்கணக்கில் நீளும்.

ஊரோடு இருக்க ஆசையா, சர்ஜன் வேண்டாம். அது பெரிய ஆஸ்பத்திரி வேலை, நடுராத்திரியிலும் போன் வரும். நான் ஆடியோலஜி பக்கம். அண்ணி இன்னும் என்னோடு பேசவில்லை.